பாரிஸ்டர் ஆவது, ஆன பின் நிலைப்பது, தண்டனை வந்தால் எதிர்ப்பது

லண்டனில் பாரிஸ்டர்களை உருவாக்கும் பழைய சங்கங்களுக்கு 'இன்' என்று பெயர். அப்படி ஒரு இன்னில் சேர விண்ணப்பம் நிரப்பிய இரவு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பெயர், முகவரி, பட்டம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அப்புறம் வந்தது அந்தக் கேள்வி: எந்தக் கல்வி நிலையமாவது உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறதா? பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டுரையில் இரண்டு பத்திகளை மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தாண்டதற்காக எழுத்துமூலம் எச்சரிக்கை வாங்கியிருந்தேன். மதிப்பெண் கொஞ்சம் குறைத்தார்கள், அவ்வளவுதான். வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'ஆம்' என்று குறித்தேன். அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, நகலையும் சேர்த்து அனுப்பினேன்.

விண்ணப்பம், சேர வருபவர்களின் நடத்தையை விசாரிக்கும் இன்ஸ் காண்டக்ட் கமிட்டிக்குப் போயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிய வாய்ப்பே குறைவு. ஏன் சொன்னீர்கள்?" நான் தயார் செய்து வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோய், "கேட்டீர்கள், அதனால் சொன்னேன்" என்று மட்டும் வந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் பாரிஸ்டராக வேண்டும் என்று என்னிடம் கேட்கிற நம் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். படிப்பில் கோட்டை விட்டால் திரும்ப எழுதலாம். படிவத்தில் ஒரு பொய் எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்துத் தெரிந்தாலும் அது நேர்மையின்மை என்ற குற்றச்சாட்டாக மாறும். அந்தக் குற்றச்சாட்டில் தொழிலே போகும். சிறிய தவறுகளைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பாதையைச் சொல்கிறேன். மூன்று கட்டம்.

முதல் கட்டம் படிப்பு. சட்டப் பட்டம், அல்லது வேறு ஏதாவது பட்டத்தோடு சட்டத்துக்கான மாற்றுப் படிப்பு. குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு வேண்டும், இங்கே அதை 'டூ-டூ' என்பார்கள். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பியூப்பிலேஜ் என்ற தொழிற்பயிற்சி கொடுக்கிற சேம்பர்ஸில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து இயங்கும் அலுவலகங்களில், பல அதற்கு மேலேதான் பார்க்கும். ஒப்பந்தம், டார்ட், குற்றவியல், நிலச் சட்டம், ஈக்விட்டி என்று அடித்தளப் பாடங்கள் எல்லாம் உங்கள் பட்டத்தில் இருக்கின்றனவா என்று சேரும்போதே பாருங்கள். மூன்றாம் வருடத்தில் ஒரு பாடம் குறைகிறது என்று கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியும்.

இரண்டாம் கட்டம் பார் கோர்ஸ், அதாவது பாரிஸ்டருக்கான தொழிற்படிப்பு. இது தொடங்குமுன் நான்கு இன்களில் ஒன்றில் உறுப்பினராகியிருக்க வேண்டும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். எதில் சேர்ந்தாலும் பின்னால் கிடைக்கிற உரிமை ஒன்றுதான், அதனால் ரொம்ப யோசிக்க வேண்டாம். உதவித்தொகையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கோர்ஸ் கட்டணம் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், லண்டனில் தங்கும் செலவு அதற்கு மேல். இன்கள் தருகிற உதவித்தொகைக்கு, கோர்ஸ் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்துவிடும். ஒரு இன்னுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு ஜனவரியில் எனக்கு ஃபோன் செய்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கோர்ஸில் வாதாடுதல், சட்டக் கருத்து எழுதுதல், மனு வரைதல், கட்சிக்காரரிடம் பேசுதல் எல்லாம் கற்றுத்தருவார்கள். சிவில், கிரிமினல் நடைமுறைத் தேர்வுகள் இரண்டும் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவானவை. பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு நேரடியாக நடத்துகிறது. பி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்வோம், இந்தப் பெயர் இனி அடிக்கடி வரும். கூடவே இன்னில் பத்து 'குவாலிஃபையிங் செஷன்' முடிக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலே கணக்கில் சேரும். இப்போது விரிவுரை, வாதாடும் பயிற்சி, ஒழுக்கநெறிப் பட்டறை எல்லாம் அதில் உண்டு. விருந்துகளும் இருக்கின்றன. தனியாக ஒரு மூலையில் உட்காராதீர்கள். பின்னால் என் பியூப்பிலேஜ் நேர்முகத்துக்கு முன் எனக்கு ஒத்திகை நடத்தியவர், ஒரு விருந்தில் என் எதிரே தற்செயலாக உட்கார்ந்தவர்தான்.

இது முடிந்ததும் 'கால்' என்ற அழைப்பு விழா. விக் இல்லாமல் கவுன் போட்டு நிற்பவர்களும் உண்டு, முழுக்கோலத்தில் நிற்பவர்களும் உண்டு. பெயரைக் கூப்பிட்டு பாரிஸ்டர் என்று அறிவிப்பார்கள். அப்பா ஊரிலிருந்து ஃபோனில், "அப்போ நாளைக்கே கோர்ட்டுக்குப் போவியா?" என்று கேட்டார். இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பட்டம் இருக்கும், தொழில் செய்யும் உரிமை இருக்காது. அந்த இடைநிலைக்குப் பெயர் 'அன்ரெஜிஸ்டர்ட் பாரிஸ்டர்'. சட்ட சேவை தருகிற இடத்தில் தன்னை பாரிஸ்டர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. கால் முடிந்த மகிழ்ச்சியில் விசிட்டிங் கார்டு அச்சடித்து, உறவினர்களின் விசா வேலையை எடுத்துச் செய்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிகாரம் பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கிய 'ரிசர்வ்டு' சட்டப் பணிகளை அதிகாரம் இல்லாமல் செய்வது 2007ஆம் ஆண்டு லீகல் சர்வீசஸ் சட்டப்படி குற்றம். குடிவரவு ஆலோசனைக்குத் தனி விதிகளும் இருக்கின்றன.

மூன்றாம் கட்டம் பியூப்பிலேஜ். நெருக்கடி இங்கேதான். ஒவ்வொரு வருடமும் கால் ஆகிறவர்கள் நிறைய, இடங்கள் கொஞ்சம். இடங்கள் எல்லாம் பியூப்பிலேஜ் கேட்வே என்ற தளத்தில் விளம்பரமாகும். விண்ணப்பம் குளிர்காலத்தில், முடிவு மே மாத வாக்கில். கோர்ஸ் முடித்து ஐந்து வருடத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பயிற்சி பன்னிரண்டு மாதம். முதல் ஆறு மாதம் மூத்தவர் பின்னாலேயே போய்ப் பார்ப்பது. இரண்டாம் ஆறு மாதம் தற்காலிகச் சான்றிதழோடு நீங்களே கோர்ட்டில் எழுந்து பேசுவது. ஒழுக்கநெறித் தேர்வை இப்போது இந்தக் கட்டத்தில்தான் வைக்கிறார்கள். அது நல்ல மாற்றம் என்பது என் எண்ணம். நேற்று கோர்ட் வாசலில் பார்த்த சங்கடமே இன்று வினாத்தாளில் வந்தால் மனதில் நிற்கும். சம்பளம் இல்லாத பயிற்சி பொதுவாக அனுமதி இல்லை. குறைந்தபட்சத் தொகையை பி.எஸ்.பி. ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது, லண்டனுக்கு ஒன்று, வெளியே ஒன்று.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஏற்கெனவே வக்கீலாகத் தொழில் செய்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பி.எஸ்.பி.யிடம் விண்ணப்பித்து, உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப விலக்கு கேட்கலாம். பார் டிரான்ஸ்ஃபர் டெஸ்டில் எந்தெந்தத் தாள்கள், பியூப்பிலேஜ் எவ்வளவு காலம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இந்த விண்ணப்பத்தில் நம்மவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். "பதினைந்து வருடம் ஹைகோர்ட்டில் ஆஜரானேன்" என்று எழுதிவிட்டு ஆவணம் எதுவும் வைப்பதில்லை. வழக்கு எண், உங்கள் பெயர் இருக்கிற உத்தரவு, நீங்கள் வரைந்த மனு, சீனியரின் கடிதம் இவைதான் பேசும்.

தொழிலுக்குள் வந்த பின் யார் உங்களைக் கவனிக்கிறார்கள்? பார் கவுன்சில் என்பது பாரிஸ்டர்களின் பிரதிநிதி அமைப்பு. ஒழுங்குமுறை வேலையை அதிலிருந்து பிரித்து 2006இல் உருவானதுதான் பி.எஸ்.பி. அதற்கும் மேலே லீகல் சர்வீசஸ் போர்டு. கால் கொடுப்பது இன். உங்களை பாரிஸ்டர் பதவியிலிருந்து நீக்கும் உத்தரவைக் கடைசியில் நிறைவேற்றுவதும் இன்தான். காந்தியை 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டராக அழைத்ததும் இன்னர் டெம்பிள். ராஜதுரோக வழக்கில் தண்டனை பெற்றதைக் காட்டி 1922இல் அவர் பெயரை நீக்கியதும் அதே இன்னர் டெம்பிள். 1988இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து. டெம்பிள் தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அன்றைக்குச் சட்டப்படி சரி என்று எடுக்கப்பட்ட முடிவுதான் அது.

அன்றாடத்தில் நீங்கள் மறக்கக் கூடாதவை சில. தொழில் செய்வதற்கான பிராக்டிசிங் சான்றிதழை ஒவ்வொரு வசந்த காலத்திலும் புதுப்பிக்க வேண்டும். சுயதொழில் செய்கிறவர்கள் பாரிஸ்டர்களுக்கான காப்பீட்டு அமைப்பான பார் மியூச்சுவலில் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். முதல் மூன்று வருடத்தில் 45 மணி நேரத் தொடர்பயிற்சி, அதில் 9 மணி வாதாடுதல், 3 மணி ஒழுக்கநெறி. அதன் பிறகு மணிக்கணக்கு இல்லை, நீங்களே திட்டம் எழுதி, செய்ததைப் பதிவு செய்து வைக்க வேண்டும். பி.எஸ்.பி.யின் விதிநூலான ஹேண்ட்புக்கில் பத்து அடிப்படைக் கடமைகள் இருக்கின்றன. கட்சிக்காரர் நலனுக்கு மேலாக கோர்ட்டுக்கான கடமை நிற்கிறது. கட்சிக்காரர் பொய் என்று ஒப்புக்கொண்ட ஒன்றை நீங்கள் கோர்ட்டில் உண்மை என்று சொல்ல முடியாது. "அவர்தான் காசு கொடுக்கிறாரே" என்று என் மாமா ஒருமுறை கேட்டார். அதனால்தான் அந்த விதி இருக்கிறது, மாமா.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புகார் வரும். நல்லவர்களுக்கும் வரும்.

சேவை சரியில்லை, தாமதம், கட்டணம் புரியவில்லை என்றால் கட்சிக்காரர் முதலில் சேம்பர்ஸுக்குத்தான் எழுத வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், சட்ட சேவைப் புகார்களைத் தீர்க்கும் லீகல் ஆம்புட்ஸ்மன். அங்கே இழப்பீடு வாங்கித்தர முடியும், உச்சவரம்பு 50,000 பவுண்டு. நடத்தை பற்றிய புகார் பி.எஸ்.பி.க்கு. அங்கே இழப்பீடு கிடையாது, ஒழுங்கு நடவடிக்கைதான். பி.எஸ்.பி. விசாரித்து, நடவடிக்கை வேண்டாம் என்று விடலாம், அறிவுரை சொல்லலாம், எச்சரிக்கை அல்லது சிறு அபராதம் என்ற நிர்வாகத் தண்டனை தரலாம், அல்லது டிஸிப்ளினரி ட்ரிப்யூனல் என்ற ஒழுங்கு விசாரணை மன்றத்துக்கு அனுப்பலாம். நிர்வாகத் தண்டனை வெளியே பிரசுரமாகாது. ட்ரிப்யூனல் தீர்ப்பு பிரசுரமாகும், பெயரோடு.

என் நண்பர் ஒருவருக்கு அப்படி முதல் கடிதம் வந்தபோது மின்னஞ்சலைத் திறக்காமலே பதினோரு நாள் விட்டுவிட்டார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து 14 பக்கப் பதில் எழுதிக் காட்டினார். முதல் ஒன்பது பக்கம் புகார் கொடுத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்பது. மிச்சம் தான் இருபது வருடம் உழைத்த கதை. கேட்ட கேள்விக்கு, அதாவது ஜூன் மாதம் அந்த ஆவணத்தை ஏன் எதிர்த்தரப்புக்கு அனுப்பவில்லை என்பதற்கு, 14 பக்கத்தில் எங்கும் பதில் இல்லை. விடிய விடிய உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: முதல் பக்கத்தில் தேதிவாரியாக நடந்தது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆவண எண். இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதி, கீழே நேரான பதில். எங்கே தவறு செய்தாரோ அங்கே "தவறு செய்தேன், காரணம் இது, இப்போது இப்படி மாற்றிவிட்டேன்" என்று மூன்று வரி. மொத்தம் மூன்று பக்கம். அறிவுரையோடு முடிந்தது.

அதனால் நீங்களும் இதைச் செய்யுங்கள். கடிதம் வந்த அன்றே திறந்து படியுங்கள். பதில் கெடுவை டைரியில் சிவப்பில் எழுதுங்கள். போதாது என்றால் கெடு முடியுமுன்பே எழுத்தில் நீட்டிப்பு கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பார் கவுன்சிலின் ஒழுக்கநெறி உதவித் தொலைபேசியில் பேசுங்கள். பழைய மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள், அழித்தால் அது தனிக் குற்றச்சாட்டு. பதிலை நீங்களே எழுதினாலும் இன்னொருவர் படிக்காமல் அனுப்பாதீர்கள். நமக்காக நாமே வாதாடும்போது நமக்கே காது கேட்காது.

முடிவு பாதகமாக வந்துவிட்டது, அப்போது? ஒவ்வொரு வகை முடிவுக்கும் ஒரு வாசல் உண்டு. வேறு வாசலில் தட்டினால் அங்கே நிற்கும் நேரத்தில் சரியான வாசல் மூடிவிடும்.

இன்ஸ் காண்டக்ட் கமிட்டி உங்களைச் சேர்க்க மறுத்தால் பி.எஸ்.பி.யிடம் மறுஆய்வு. விலக்கு, வெளிநாட்டு வக்கீல் பாரிஸ்டராக மாறுவது, பியூப்பிலேஜ் குறைப்பு போன்ற விண்ணப்பங்களை பி.எஸ்.பி. மறுத்தால் முதலில் அவர்களிடமே மறுஆய்வு, அதன் பிறகு ஹைகோர்ட். மறுஆய்வு கேட்கும்போது பழைய விண்ணப்பத்தையே திரும்ப அனுப்பாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் எந்தத் தகுதி காணவில்லை என்று எழுதியிருக்கிறார்களோ, அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆதாரத்தோடு.

நிர்வாகத் தண்டனையை ஏற்காவிட்டால் அப்பீல் பேனல் இருக்கிறது. கெடு சிறியது, கடிதத்திலேயே இருக்கும். புகார் கொடுத்தவருக்கும் வழி உண்டு: தன் புகாரை பி.எஸ்.பி. மூடியது சரியில்லை என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம்.

ட்ரிப்யூனலை நடத்துவது பார் ட்ரிப்யூனல்ஸ் அண்ட் அட்ஜுடிகேஷன் சர்வீஸ். மூன்று பேர் அமர்வு அல்லது ஐந்து பேர் அமர்வு. நீக்கும் அதிகாரமும், ஒரு வருடத்துக்கு மேல் இடைநீக்கம் செய்யும் அதிகாரமும் ஐந்து பேர் அமர்வுக்குத்தான். உங்கள் வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது என்பதிலேயே எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துவிடும். 2019 ஏப்ரல் 1க்குப் பிந்தைய நடத்தைக்கு சிவில் அளவுகோல், அதாவது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். அதற்கு முந்தையதற்கு கிரிமினல் அளவுகோல். குற்றச்சாட்டில் உள்ள தேதியைப் பார்த்து இதை முதலிலேயே கவனியுங்கள்.

ட்ரிப்யூனல் தீர்ப்புக்கு மேல்முறையீடு 2014 ஜனவரி வரை 'விசிட்டர்ஸ்' என்ற நீதிபதிகளிடம் போனது. இப்போது ஹைகோர்ட்டின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் கோர்ட். அங்கே கேட்கிற கேள்வி இரண்டுதான்: தீர்ப்பு தவறா? அல்லது கடுமையான நடைமுறைக் குறையால் அநீதி நடந்ததா? சாட்சியைத் திரும்ப விசாரிக்க மாட்டார்கள். "அந்தச் சாட்சியை நம்பியிருக்கக் கூடாது" என்ற வாதம் பெரும்பாலும் தோற்கும், நேரில் பார்த்தவர்கள் அவர்கள் என்பதால். "இந்த ஆவணத்தைத் தீர்ப்பில் எங்கும் குறிப்பிடவே இல்லை", "இந்தக் குற்றச்சாட்டை என் முன் வைக்கவே இல்லை", "காரணம் சொல்லாமல் இடைநீக்கம் நீண்டுவிட்டது" என்பன நிற்கக்கூடியவை. புதிய ஆதாரம் கொண்டுவர வேண்டுமானால் 1954இல் வந்த லாட் எதிர் மார்ஷல் வழக்கின் மூன்று நிபந்தனைகள்: முன்பே முயன்றிருந்தாலும் கிடைத்திருக்காது, முடிவை முக்கியமாகப் பாதிக்கும், நம்பத்தக்கது. அலமாரியில் இருந்ததைத் தேடாமல் விட்டது முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

தண்டனை அதிகம் என்று மட்டும் வாதாடுவது கடினம். 1994ஆம் ஆண்டு போல்டன் வழக்கிலிருந்து கோர்ட்டுகள் சொல்லிவருவது, தனி ஒருவரின் எதிர்காலத்தைவிடத் தொழிலின் மீதான மக்கள் நம்பிக்கை பெரிது என்பது. எனவே "எனக்குக் குடும்பம் இருக்கிறது" என்பது உண்மையாக இருந்தாலும் அதிக தூரம் போகாது. இன்னும் ஒன்று: ஜெயித்தாலும் செலவுத்தொகை தானாகக் கைக்கு வராது. ஒழுங்குமுறை அமைப்பு நியாயமான அடிப்படையில் வழக்கைக் கொண்டுவந்திருந்தால், ட்ரிப்யூனலில் அது தோற்றாலும் உங்கள் செலவை அது தர வேண்டும் என்று கட்டாயமில்லை.

மேல்முறையீட்டு வழி எதுவும் இல்லாத முடிவுகளுக்கு ஜூடிஷியல் ரிவ்யூ, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கோர்ட் பார்ப்பது. தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள். அதற்கு முன் பி.எஸ்.பி.க்கு முன்னறிவிப்புக் கடிதம் எழுதி, பதிலுக்குப் பொதுவாக 14 நாள் தர வேண்டும். மூன்று மாதம் என்றதும் நிதானமாக உட்கார்ந்துவிடாதீர்கள். 'தாமதமில்லாமல்' என்ற சொல்லை நீதிபதி உண்மையாகவே எடுத்துக்கொள்வார்.

நடவடிக்கையே பாரபட்சம் என்று நம்புகிறவர்களுக்கு 2017இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ஓ'கானர் எதிர் பி.எஸ்.பி. வழக்கைப் படிக்கச் சொல்வேன். ஒரு கறுப்பினப் பெண் பாரிஸ்டர். ட்ரிப்யூனலில் தோற்று, விசிட்டர்ஸ் முன் ஜெயித்து, அதன் பிறகு இனப் பாகுபாடு என்று மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். ஒரு வருடக் கெடு தாண்டிவிட்டது என்று கீழே இரண்டு கோர்ட்டுகளில் சொன்னார்கள். ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை ஒரே தொடர் செயல், ஆகவே கெடு கடைசியிலிருந்துதான் ஓடும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தேதிகளும் கடிதங்களும் இல்லாமல் அந்த வாதத்தை எழுதியிருக்கவே முடியாது.

மேல்முறையீடு போட்டுவிட்டால் தண்டனை தானாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். நீக்கமோ நீண்ட இடைநீக்கமோ வந்தால், மேல்முறையீடு முடியும் வரை உங்கள் சான்றிதழ் என்னவாகும் என்பதை ட்ரிப்யூனல் அன்றே முடிவு செய்யும். அதற்கான வாதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழ் நிறுத்தப்பட்டால், வெளியே வந்த உடனே, உங்கள் வழக்குகளின் டைரியைக் கவனிக்கும் சேம்பர்ஸ் கிளார்க்கைக் கூப்பிட்டு டைரியைக் காலி செய்யச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஒன்பதரை மணி ஜாமீன் மனுவையும் சேர்த்து. அந்தக் கட்சிக்காரருக்கு அன்று சாயங்காலமே வேறு ஒருவர் கிடைத்தாக வேண்டும்.